வெயில் படாத வேலிக்கு எந்தக் கொடி?

கேள்வி: லண்டன் புறநகரில் வீடு வாங்கியிருக்கிறோம். பின்பக்கத் தோட்டம் சிறியது, களிமண் நிலம். ஒரு பக்க மரவேலியில் நல்ல வெயில் விழுகிறது. எதிர்ப்பக்க வேலியில் அநேகமாக நிழல்தான். வேலியை மறைக்க வேகமாக வளரும் கொடியும், ஆண்டு முழுவதும் பூவைப் பார்க்கும்படியான புதர்ச்செடிகளும் வேண்டும். ஊரில் வளர்ப்பது போல மல்லிகை வைக்கலாமா? வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்.

பதில்: மல்லிகையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே அதிகம் ஏமாற்றம் தருவது அதுதான். நம் குண்டுமல்லி உறைபனியைத் தாங்காது. தொட்டியில் வைத்து, கோடையில் வெளியே வெயிலில் வளர்த்து, இரவுகள் குளிரத் தொடங்கியதும் வெளிச்சமான ஜன்னலருகே கொண்டுவந்துவிடுங்கள். நிலத்தில் நட்டே ஆகவேண்டும் என்றால் ஜாஸ்மினம் அஃபிசினாலே என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளைப் பூ, கோடை முழுவதும் நல்ல மணம். குளிர்காலத்தில் இலை உதிர்த்துவிட்டு வசந்தத்தில் துளிர்க்கும். இலை உதிராமல் வேலி பசுமையாகவே இருக்க வேண்டுமென்றால் ஸ்டார் ஜாஸ்மின் இருக்கிறது. அது நந்தியாவட்டை, அரளியின் குடும்பம். ஒடித்தால் பால் வடியும், தோலில் பட்டால் அரிக்கலாம். கவாத்து செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுமே வெயில் பக்க வேலிக்கு உரியவை.

செடி அட்டையில் எச் 4, எச் 5 என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். அது ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி வகுத்த குளிர்தாங்கும் அளவு. எச் 4 என்றால் மைனஸ் 5 முதல் மைனஸ் 10 டிகிரி வரை, எச் 5 என்றால் மைனஸ் 15 வரை. லண்டன் பகுதியில் நிலத்தில் நிரந்தரமாக நடும் செடிக்கு எச் 4க்குக் கீழே நான் போகமாட்டேன். களிமண்ணின் குளிர்கால ஈரமும் சேர்ந்துகொள்ளும்போது எச் 3 செடி பிழைப்பது அரிது.

இப்போது நிழல் வேலி. பிரிட்டனில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். டிசம்பர் பிற்பகுதியில் லண்டனில் அது சுமார் 15 டிகிரி உயரம்தான் ஏறும். ஆகவே தோட்டத்தின் தெற்கு எல்லையில் நிற்கும் வேலி உங்களுக்கு நிழல் முகத்தையே காட்டும். அதைத்தான் வடக்கு பார்த்த வேலி என்கிறார்கள். பலர் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள், எனக்கோ அது தோட்டத்தின் நல்ல பகுதிகளில் ஒன்று. அங்கே மண் சீக்கிரம் காயாது. வெளிர்நிறப் பூக்கள் வெயிலில் வெளுக்காமல் நாள்பட நிற்கும். கிளமேட்டிஸ் என்ற பூக்கொடியில் நெல்லி மோசர் என்ற வகையே சாட்சி: வெயிலில் அதன் இளஞ்சிவப்புக் கோடுகள் மங்கிவிடும், நிழலில் அப்படியே இருக்கும். ரோஜா வேண்டுமென்றால் மேடம் ஆல்ஃப்ரெட் கேரியர். முள் குறைவு, வெள்ளைப் பூ, மணம் உண்டு. 1879 முதல் இருக்கும் ரகம், நிழலிலும் சலிக்காமல் பூக்கும். ஆனால் பெரிதாக வளரும், அதற்கு இடம் விட்டு நடுங்கள். குளிர்காலத்துக்கு ஜாஸ்மினம் நூடிஃப்ளோரம்: இலையில்லாத பச்சைத் தண்டுகளில் மஞ்சள் பூக்கள், மணம் மட்டும் இல்லை. தானாகச் சுற்றிக்கொள்ளாது, கம்பியில் கட்டிவிட வேண்டும்.

நிழலுக்குக் கொடி ஹைட்ரேஞ்சியாவை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். செங்கல் சுவரென்றால் நானும் அதைத்தான் சொல்வேன். மரவேலிக்கு வேண்டாம், வேர்விட்டு ஒட்டிக்கொண்டு கனமாகிவிடும், பலகை மாற்றும் நாளில் செடியையும் வெட்ட வேண்டியிருக்கும். ஐவிக்கும் இதே பேச்சுதான்.

“வேகமாக வளரும்” என்ற சொல்லைத் தயவுசெய்து உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் ஆண்டில் வேலியை மூடும் கொடி, நான்காம் ஆண்டில் பக்கத்து வீட்டுக் கூரையில் இருக்கும். ரஷ்யன் வைன் எந்தச் சிறு தோட்டத்துக்கும் ஆகாது. கிளமேட்டிஸ் மொன்டானா அழகுதான், ஆனால் 10 மீட்டருக்கு மேல் ஏறக்கூடியதை 2 மீட்டர் வேலியில் விட்டால் ஓயாமல் வெட்டிக்கொண்டிருப்பீர்கள். விட்டிசெல்லா வகைக் கிளமேட்டிஸ் அளவோடு வளரும், களிமண்ணைப் பொறுத்துக்கொள்ளும், பெரிய பூ வகைகளைத் திடீரென வாடவைக்கும் நோய் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

புதர்ச்செடிகளை மே மாதத்தில் மொத்தமாக வாங்காதீர்கள். கடையில் அன்று பூத்திருப்பதையே எல்லோரும் வண்டியில் ஏற்றுகிறார்கள், அதனால்தான் பல தோட்டங்கள் மே, ஜூனில் நிறைந்து ஜூலைக்குப் பிறகு வெறிச்சிடுகின்றன. ஜனவரியில் ஒருமுறை நர்சரிக்குப் போங்கள். சார்கோகாக்கா அப்போது பூத்திருக்கும்: கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூ, ஆனால் கதவருகே வைத்தால் வாசல் முழுவதும் மணக்கும். நிழல், களிமண் இரண்டுக்கும் ஒத்துவரும், இலையும் உதிராது. ஜூனுக்கு ஃபிலடெல்ஃபஸ், மல்லிகை மணத்துக்கு ஏங்குபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஒரு மீட்டரைத் தாண்டாத மான்டோ டெர்மின் என்ற ரகம் சிறு தோட்டத்துக்கு ஏற்றது. ஆகஸ்ட், செப்டம்பருக்கு ஹைட்ரேஞ்சியா பானிக்குலாட்டா. மஹோனியா என்ற புதரின் முள்ளிலைகள் குழந்தைகளைக் குத்தும். 2013இல் செல்சி மலர்க்காட்சியில் ஆண்டின் சிறந்த செடியாகத் தேர்வான சாஃப்ட் கரெஸ் என்ற ரகத்தில் அந்த முள் கிடையாது.

காமெலியாவுக்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். மலிவான சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாக்ஸ் என்ற புதர்ச்செடியை இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை, அதன் அந்துப்பூச்சிப் புழு ஒரே கோடையில் செடியை மொட்டையடித்துவிடுகிறது. குழந்தைகள் இருப்பதால் லபர்னம் மரம் வேண்டவே வேண்டாம், விதை நஞ்சு. விஸ்டீரியா கொடியின் அவரை போன்ற காய்களும் அப்படியே. ஹனிசக்கிள் கொடியின் சிவப்புப் பழங்களும் வயிற்றைக் கெடுக்கும்.

நடுவதற்கு அக்டோபர் நல்லது. மண்ணில் கோடையின் சூடு மிச்சமிருக்கும், மழையும் வரும். வேலியை ஒட்டிய மண்ணில் மழை விழாது, அதனால் 30 முதல் 45 சென்டிமீட்டர் தள்ளி நட்டு, குச்சியைச் சாய்த்து வைத்து அதன் வழியே கொடியை வேலிக்குக் கொண்டுபோங்கள். களிமண்ணில் குழி தோண்டி அதில் மட்டும் உரமண் நிரப்பினால் குழி தொட்டியாகித் தண்ணீர் தேங்கும். தோண்டிய மண்ணையே போட்டு மூடி, மேலே மக்கிய உரத்தை மூடாக்காகப் போடுங்கள். தண்டைத் தொடாமல் 5 சென்டிமீட்டர் கனம் போதும். முதல் இரண்டு கோடையும் வாரம் ஒருமுறையாவது நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கவாத்துக்குப் பூக்கும் காலமே கணக்கு. ஜூனுக்குள் பூப்பவற்றைப் பூ முடிந்தவுடன் வெட்டுங்கள். அதற்குப் பிறகு பூக்கும் விட்டிசெல்லா கிளமேட்டிஸ், பானிக்குலாட்டா போன்றவற்றைப் பிப்ரவரி இறுதியில் வெட்டலாம். கிளமேட்டிஸைத் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு வெட்டினாலும் பயமில்லை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கத்தரியை எடுக்கும் முன் கொடிக்குள் எட்டிப் பாருங்கள். பறவை கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் பறந்துபோகும்வரை காத்திருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் கூட்டை வேண்டுமென்றே கலைப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.