பெனால்டியை மேலே அடித்தவரையா கொண்டாடுகிறீர்கள்?

கேள்வி: நீங்கள் ஆயுசு முழுக்க ரசித்த பழைய கால்பந்து வீரர் யார், ஏன்?

ராபர்ட்டோ பாஜியோ. பெங்களூர் அல்சூரில் வளர்ந்த தமிழன் ஓர் இத்தாலிக்காரர் பெயரைச் சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். பக்கத்திலேயே கௌதமபுரம். அம்பேத்கர், புத்தர் சிலைகளோடு பீலேவுக்கும் சிலை வைத்த ஏரியா. உலகக் கோப்பை வந்தால் அங்கே பிரேசிலின் மஞ்சள் சட்டைதான். என் மாமாவும் அந்தக் கட்சி.

1994 உலகக் கோப்பையின் பிரேசில்-இத்தாலி இறுதி ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் தொடங்கி, கோலே விழாமல் பெனால்டி வரை இழுத்தது. பாஜியோ அடித்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனதுதான் தாமதம், தெருவில் வெடி. "உங்காளு பந்தை எம்.ஜி. ரோட்டுக்கே அடிச்சிட்டான்டா" என்றார் மாமா. இன்றுவரை அதைச் சொல்லாமல் என்னிடம் பேச்சைத் தொடங்க மாட்டார்.

சரி, கணக்கைப் பார்ப்போம். அன்று அவருக்கு முன்பே இத்தாலியின் பரேசியும் மாசாரோவும் தவறவிட்டிருந்தார்கள். பாஜியோ கோல் போட்டிருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஒரு உதை பாக்கி இருந்தது. அதைவிட முக்கியம், இத்தாலி அந்த மைதானம் வரை வந்ததே இவரால்தான். நைஜீரியாவுடன் ஒரு கோல் பின்தங்கி, ஒருவர் சிவப்பு அட்டை வாங்கிப் போய், பத்துப் பேராக ஆடிக்கொண்டிருந்தார்கள். 88-ஆம் நிமிடம். பெனால்டி பெட்டி ஓரத்தில் பாஜியோவுக்குப் பந்து கிடைக்கிறது. எவனாக இருந்தாலும் பதற்றத்தில் ஓங்கி உதைப்பான். இவர் தரையோடு தரையாக மூலைக்கு அனுப்பினார். எக்ஸ்ட்ரா டைமில் பெனால்டியும் அவரே. அடுத்து ஸ்பெயினுடன் கடைசி நேர வெற்றி கோல், பல்கேரியாவுடன் இரண்டு கோல். இறுதி ஆட்டத்துக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்ட நிலையில்தான் இறங்கினார். இதையெல்லாம் மாமா கேட்டுக்கொள்வார், "ஆனா கப்பு எங்களுக்குத்தானே" என்பார். அதற்குப் பதில் கிடையாது.

எனக்கு அவர் மீதிருக்கும் மரியாதை கோல்களால் மட்டும் வந்ததல்ல, அந்த முழங்காலால் வந்தது. 1985-இல் விசென்சா கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தபோது வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. வயது 18. 200-க்கும் மேற்பட்ட தையல். வலி மருந்து ஒத்துக்கொள்ளாமல் ஆளே இளைத்துப்போனார். அப்போதுதான் ஃப்ளோரன்ஸ் நகர கிளப்பான ஃபியோரென்டினாவுடன் ஒப்பந்தம் பேசி முடித்திருந்தார்கள், அவர்கள் கைவிடவில்லை. 1990-இல் டூரின் கிளப்பான யுவென்டஸுக்கு விற்கப்பட்டபோது ஃப்ளோரன்ஸ் நகரில் கலவரமே நடந்தது. மறுவருடம் யுவென்டஸ் சட்டையோடு அதே ஊருக்கு ஆட வந்தவர், கிடைத்த பெனால்டியை அடிக்க மறுத்துவிட்டார். வேறொருவர் அடித்துத் தவறவிட்டார். வெளியே போகும்போது கீழே விழுந்த ஊதா நிற ஃபியோரென்டினா துண்டை எடுத்துக்கொண்டு போனார். சம்பளம் கொடுக்கும் கிளப்புக்கு இது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ஆனாலும் எனக்குப் பிடித்தது.

பயிற்சியாளர்களுக்கு இந்த மாதிரி ஆள் தலைவலி. திட்டத்துக்குள் அடங்க மாட்டார், ஓடித் தடுக்கவும் மாட்டார். அதனால் கிளப் கிளப்பாக மாறி 2000-இல் பிரெஷியா என்ற சின்ன அணிக்கு வந்து சேர்ந்தார். 2002-இல் மறுபடி முழங்கால் போய், மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்து கோல் போட்டும் உலகக் கோப்பை அணியில் இத்தாலியின் பயிற்சியாளர் ட்ராபட்டோனி சேர்க்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. (பாஜியோ பௌத்தர், கோபப்பட்டாரோ என்னவோ.)

இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆவில் 205 கோல். இதில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால், 2001 ஏப்ரலில் டூரினில் யுவென்டஸுக்கு எதிராகப் போட்டதைப் பாருங்கள். 34 வயது. பின்னாலிருந்து சக பிரெஷியா வீரர் பிர்லோ தூக்கிப் போட்ட நீளப் பந்து தோளுக்கு மேலே வந்து விழுகிறது. இவர் ஓட்டத்தைக் குறைக்கவே இல்லை. பந்து பாதத்தில் பட்டு அடங்கிய அதே நொடியில் கோல்கீப்பர் வான் டெர் சாரைச் சுற்றிக்கொண்டும் போய்விடுகிறது. நிறுத்தியதும் ஏமாற்றியதும் ஒரே தொடுகை. மிச்சம் காலி வலைதான். முதல் முறை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், மெதுவாக்கிப் பாருங்கள்.