அப்பாவுக்கு வராத வலிப்பு மகளுக்கு மட்டும் ஏன்?

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டு வயது. பத்தாவது மாதம் காய்ச்சலின்போது முதல் வலிப்பு வந்தது. இப்போது வந்தால் ஒரே நாளில் ஏழெட்டு முறை வருகிறது. பி.சி.டி.ஹெச்.19 என்ற மரபணுவில் மாற்றம், அது அப்பா வழி வந்தது என்கிறது ரிப்போர்ட். என் கணவருக்கு வலிப்பே வந்ததில்லை. ரிப்போர்ட் தவறா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: அப்பா நலமாக இருப்பதை வைத்து ரிப்போர்ட்டைத் தவறென்று சொல்ல முடியாது. இந்த மரபணுவில் அதுதான் வழக்கம்.

இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். எக்ஸ் குரோமோசோம் கோளாறு என்றால் ஆண்களுக்குத்தான் பாதிப்பு, பெண்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள் என்றுதான் நாங்களும் படித்தோம். இது தலைகீழ். ஒரே குடும்பத்தில் பெண்களுக்கு மட்டும் இப்படி வலிப்பு வருவதை 1971-லேயே பதிவு செய்துவிட்டார்கள். எந்த மரபணு என்பது 2008-ல்தான் பிடிபட்டது.

மூளை வளரும்போது நரம்புச் செல்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு உதவும் புரோட்டோகேடெரின்-19 என்ற புரதத்தை உண்டாக்குவது இந்த மரபணு. உங்கள் கணவருக்கு இருப்பது ஒரே எக்ஸ். அவருடைய எல்லாச் செல்களிலும் அந்தப் புரதம் ஒரேபோலக் குறைபட்டிருக்கிறது. வேறு புரதங்கள் சமாளித்துக்கொள்கின்றன. மகளுக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லும் அதில் ஒன்றைச் செயல்படாமல் நிறுத்திவிடும். ஆகவே சில செல்களில் நல்ல புரதம், சிலவற்றில் இல்லை. இந்த இரு வகையும் கலந்திருப்பதுதான் சிக்கல். ஒன்றோடொன்று சரியாகச் சேர்வதில்லை. இப்போது பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம் இது.

ரிப்போர்ட்டில் ஒன்றை மட்டும் பாருங்கள்: ‘நோய் உண்டாக்கும் மாற்றம்’ என்றிருக்கிறதா, ‘முக்கியத்துவம் தெளிவில்லை’ என்றிருக்கிறதா? இரண்டாவது என்றால் நரம்பியல் மருத்துவரிடம் மறுபடி பேச வேண்டும்.

அடுத்தது மகன் என்றால் அப்பாவின் எக்ஸ் அவனுக்குப் போகாது, கவலையில்லை. மகள் என்றால் மாற்றம் கட்டாயம் போகும். ஆனால் பாதிப்பின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், சிலருக்கு வலிப்பே வராது. கருத்தரிக்கும் முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் தொடங்கியதுமே உஷாராகுங்கள். வலிப்பு தொடரும்போது கொடுக்கும் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே போன்ற அவசர மருந்து, எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி வீட்டில் வையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ உடனே மருத்துவமனை. தினசரி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பலருக்குப் பதின்வயதில் வலிப்பு குறைகிறது. ஆனால் பேச்சு, கற்றல், நடத்தை ஆகியவற்றில் பின்னடைவு வரலாம். வலிப்பு அடங்கியிருக்கும் மாதங்களிலும் வளர்ச்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.