யோசனை என்னுடையது என்று எப்படி நிரூபிப்பது? பட்டறைக்காரர்கள் கேள்விகளுக்குப் பதில்

காசிமேடு, வின்ச் பட்டறை: வலை இழுக்கும்போது கயிறு சிக்கினால் தானே விடுபடும் கிளட்ச்சை நான் யோசித்தேன். பாகம் கடைந்து கொடுத்த லேத்காரர் தன் பெயரில் காப்புரிமைக்குப் போட்டுவிட்டார். என்ன செய்வது?

அண்ணே, நம் நாட்டில் முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான் முன்னுரிமை. ஆனால் அடுத்தவர் யோசனையை எடுத்துப் போட்டால் அது செல்லாது. 1970 காப்புரிமைச் சட்டம் 25ஆம் பிரிவில் எதிர்ப்புக்கான முதல் காரணமே இதுதான். விண்ணப்பம் வெளியானதும் எதிர்க்கலாம். காப்புரிமை கொடுத்துவிட்டார்கள் என்றால், அந்த அறிவிப்பு வெளியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். ஜெயித்தால் காப்புரிமையை உங்கள் பெயருக்கே மாற்ற 26ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

பழைய தேதி போட்ட நோட்டுப் புத்தகம் மட்டும் போதாது. யோசனை உங்கள் கையிலிருந்து அவர் கைக்குப் போன வழி தெரிய வேண்டும். டிராயிங் கொடுத்த நாள், டெலிவரி சலான், ஜாப் ஒர்க் பில், கூட இருந்த பையனின் சாட்சி, எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்குங்கள். உங்கள் டிராயிங்கில் இருக்கும் தப்பையும் தேடுங்கள். ஒரு தகராறில், முதல் மாடலில் தவறிப்போய்ப் போட்டு, பிறகு வேண்டாமென்று விட்ட 6 மில்லிமீட்டர் துளை எதிராளியின் படத்திலும் அதே இடத்தில் இருந்தது. அது எதற்கு என்று கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. சொந்தமாக யோசித்தவருக்கு ஒவ்வொரு துளைக்கும் காரணம் தெரியும், அண்ணே.

வியாசர்பாடி: வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ செல்லுமா?

செல்லும். ஆனால் கோர்ட்டுக்குப் போனால் வெறும் பிரின்ட் போதாது. பாரதிய சாக்ஷிய அதினியம், அதாவது சாட்சியச் சட்டம், 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் வேண்டும். அந்த போனை மட்டும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

தண்டையார்பேட்டை: எனக்கே பதிவுத் தபால் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்தால் போதுமா?

போதாது. அதனால் உங்களுக்கு எந்த உரிமையும் வராது. தனிநபர் ஆன்லைனில் புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட 1,600 ரூபாய்தான் கட்டணம். அந்த நாளே உங்கள் தேதி. முழு விவரத்தை 12 மாதத்துக்குள் கொடுத்தால் சரி.

திருவொற்றியூர், மெக்கானிக்கல் மாணவி: அமெரிக்காவில் முதலில் யோசித்தவருக்குத்தானே கொடுப்பார்கள்?

2013 மார்ச் 16க்கு முன் அப்படித்தான், தங்கச்சி. அப்போதும் கண்டுபிடித்தவர் சொல்லை மட்டும் நம்பமாட்டார்கள். வேறொரு சாட்சியோ ஆவணமோ வேண்டும். சும்மா வைத்திருந்தாலும் ஆபத்து. நுனியில் கண் வைத்த ஊசியோடு தையல் இயந்திரத்தை வால்டர் ஹன்ட் 1830களிலேயே செய்தார், விண்ணப்பிக்கவில்லை. 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கினார். ஹன்ட்தான் முந்தியவர் என்று காப்புரிமை அலுவலகம் பிறகு ஒப்புக்கொண்டும், அவர் கைவிட்டுவிட்டதாகச் சொல்லி அவருக்குக் கொடுக்கவில்லை. அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ராயபுரம்: கடலில் ஓட்டிப் பார்த்தால் ரகசியம் போய்விடுமா?

வெளியில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்றால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் செய்த சோதனையை 32ஆம் பிரிவு மன்னிக்கும். கூட வருபவர்களிடம் ரகசியம் காப்பதாக எழுதி வாங்குங்கள். விண்ணப்பம் போடும்வரை விற்க வேண்டாம். பில் போட்டுவிட்டால் அப்புறம் சோதனை என்று சொல்ல முடியாது.