சால்ஸ்பர்க்கில் 180 யூரோ: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மியூனிக்கில் முதுகலை படிக்கிறேன். வரும் ஜூன் மாதம் அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டையிலிருந்து என்னைப் பார்க்க வருகிறார்கள். அம்மா கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர். அங்கே பாடகர் குழுவில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் பாடல்களைப் பாடியதை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். ஐரோப்பாவில் அவர் பார்க்க விரும்பும் ஒரே ஊர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க். அங்கே படப்பிடிப்பு நடந்த இடங்களைப் பேருந்தில் அழைத்துச்சென்று காட்டும் நான்கு மணி நேரச் சுற்றுலாவுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 60 யூரோ ஆகும் என்கிறார்கள். மூவருக்கு 180. பகுதிநேர வேலையில் வாழும் எனக்கு அது பெரிய தொகை. உடன் படிப்பவர்கள், "எல்லா இடங்களும் இலவசம், எதற்கு வீண்செலவு?" என்கிறார்கள். அப்பாவுக்கு மூட்டு வலி உண்டு, படத்தில் ஆர்வமும் இல்லை. கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இத்தகைய சுற்றுலாக்கள் ஏற்றவையா?

அன்புடன்,
ச., மியூனிக்

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அவர்கள் இருபத்து மூன்று வயது கால்களை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். நீங்கள் அழைத்துச்செல்லப் போவது வேறு கால்களை.

இந்தக் கேள்வியை நான் ஒருமுறை தவறாகத் தீர்த்துக்கொண்டேன் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நியூசிலாந்துக்குச் சென்றிருந்தபோது, மாட்டாமாட்டா அருகே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துக்காக அமைத்த ஹாபிட்டன் கிராமத்தை, கட்டணம் ஒருவருக்கு நூறு டாலருக்கு மேல் என்பதால், சாலையோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டமிட்டேன். அது ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான ஆட்டுப் பண்ணைக்குள் இருக்கிறது. குன்றுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. வழிகாட்டியுடன் அவர்களுடைய பேருந்தில் ஏறாமல் எவரும் உள்ளே போக முடியாது. சாலையிலிருந்து எனக்குக் கிடைத்த காட்சி முழுக்க ஆடுகள்தான். அன்று கட்டணத்தை மிச்சப்படுத்தினேன், ஆனால் அங்கே போய்வந்த எரிபொருளும் அரை நாளும் வீணாயின. வியன்னாவில் 'தி தேர்ட் மேன்' படத்தில் வரும் கழிவுநீர்ச் சுரங்கமும் அப்படித்தான்: வழிகாட்டியோடு மட்டுமே இறங்கலாம். இத்தகைய இடங்களில் சுற்றுலாக் கட்டணம் என்பது நுழைவுக் கட்டணமே. அங்கே பட்ஜெட் பயணிக்கு இருக்கும் ஒரே முடிவு, பார்ப்பதா வேண்டாமா என்பது மட்டும்தான்.

சால்ஸ்பர்க் அதற்கு நேர் எதிர். 1964-இல் படக்குழு அந்த ஊரின் பூங்காக்களையும் தெருக்களையும் சதுக்கங்களையும் அப்படியே பயன்படுத்திக்கொண்டது. உட்புறக் காட்சிகளில் பெரும்பாலானவற்றை லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோவில் எடுத்தது. ஆகவே ஊரில் பார்க்கக் கிடைப்பவை ஏறத்தாழ எல்லாமே வெளிப்புறங்கள், அவற்றில் பெரும்பாலானவை பொது இடங்கள். குழந்தைகள் பாடிக்கொண்டே ஏறி இறங்கும் படிகளும் பெகாசஸ் நீரூற்றும் மிராபெல் தோட்டத்தில் இருக்கின்றன. தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. படத்தின் நாயகி மரியா நீரை அள்ளித் தெளிக்கும் குதிரை நீரூற்று ரெசிடென்ஸ் சதுக்கத்தின் நடுவே நிற்கிறது. நொன்பெர்க் கன்னியர் மடம் கோட்டைக் குன்றின் சரிவில் உள்ளது. 714-ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்ட அந்த மடத்தின் வாயிற்கதவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். படக் கதைக்கு மூலமான உண்மையான மரியாவுக்கும், குழந்தைகளின் தந்தையான கேப்டன் டிராப்புக்கும் 1927-இல் திருமணம் நடந்தது இந்த மடத்தில்தான். படத்தில் வரும் திருமணமோ ஊருக்கு வெளியே மோண்ட்சே தேவாலயத்தில் எடுக்கப்பட்டது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த உங்கள் அம்மாவுக்கு, படத்தில் வரும் தேவாலயத்தைவிட இந்த மடம் நெருக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பேருந்துச் சுற்றுலா பழைய நகரத்து இடங்களுக்குள் அழைத்துச்செல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். பழைய நகரத்துக்குள் பெரிய பேருந்துகள் நுழைய முடியாது. நீரூற்றுச் சதுக்கம், இறுதியில் குடும்பம் ஒளிந்துகொள்ளும் காட்சிக்கு மாதிரியாக அமைந்த புனித பீட்டர் கல்லறைத் தோட்டம் (படத்தில் வருவது ஸ்டுடியோவில் போட்ட செட்), மேடை நிகழ்ச்சி நடக்கும் பாறையில் குடைந்த அரங்கு ஆகிய எல்லாவற்றையும் அறுபது யூரோ கொடுத்த பிறகும் நீங்களே நடந்துதான் பார்க்க வேண்டும். பேருந்து போவது வெளியே இருக்கும் இடங்களுக்கு. லியோபோல்ட்ஸ்கிரோன் மாளிகையை ஏரியின் மறுகரையிலிருந்து காட்டுவார்கள். அது இப்போது ஒரு ஹோட்டல், உள்ளே விடமாட்டார்கள், அதே கரையில் நீங்களும் இலவசமாக நிற்கலாம். கேப்டன் வீட்டின் முன்வாயிலாக வந்த ஃபுரோன்புர்க் மாளிகை இப்போது இசைப் பல்கலைக்கழக மாணவர் விடுதி. அதை வாயிலோடு பார்த்துக்கொண்டு போவார்கள். பிறகு ஹெல்பிரூன் பூங்காவிலுள்ள, படத்தில் வரும் கண்ணாடிக் கூடாரம், அதன்பின் ஏரிகளின் ஓரமாக ஒரு பயணம், மோண்ட்சேயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், கடைசியில் மீண்டும் மிராபெல்.

இந்த வட்டத்தை நீங்களே சுற்றினால் என்ன ஆகும்? ஹெல்பிரூனுக்கு ரயில் நிலையத்திலிருந்தே 25-ஆம் எண் நகரப் பேருந்து போகிறது. மோண்ட்சேக்கு 140-ஆம் எண் பேருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் சேர்த்து ஒருவருக்கு ஆகும் செலவு சுற்றுலாக் கட்டணத்தில் பாதியைக்கூடத் தொடாது. ஆனால் இரண்டு ஊர்களும் நகரத்தின் வெவ்வேறு திசைகளில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நகரத்துக்குத் திரும்பி, அடுத்த பேருந்துக்காக நின்று, மறுபடி புறப்பட வேண்டும். சுற்றுலாப் பேருந்து நான்கு மணி நேரத்தில் முடிப்பதை உங்கள் குடும்பம் ஆறேழு மணி நேரத்தில் முடிக்கும், அதுவும் அப்பா நிறுத்தத்தில் உட்கார இடம் தேடியபடி.

இங்கேதான் உங்கள் பட்ஜெட்டை யூரோவில் மட்டும் எண்ணாதீர்கள் என்கிறேன். நீங்கள் மியூனிக்கிலிருந்து எப்படி வரப் போகிறீர்கள்? பவேரியா மாநில நாள் டிக்கெட்டில், அதாவது பையர்ன் டிக்கெட்டில், மூவரும் ஒரே டிக்கெட்டாக சால்ஸ்பர்க் நிலையம்வரை வரலாம். எல்லையைத் தாண்டியும் அந்த நிலையம்வரை அது செல்லும். ஐந்து பேர்வரை அதில் சேரலாம் என்பதால் இதைவிட மலிவான வழி குறைவு. ஆனால் வேலை நாட்களில் அது காலை ஒன்பது மணிக்குப் பிறகே செல்லுபடியாகும். இரண்டு மணி நேரம் சற்றுக் குறைய ரயிலில். பதினொரு மணிக்குத்தான் ஊருக்குள் கால் வைப்பீர்கள். காலைச் சுற்றுலா அப்போது போய்விட்டிருக்கும். சனி, ஞாயிறு என்றால் இந்தத் தடை இல்லை, கூட்டம் உண்டு. ஆக, ஒரே நாளில் வேலை நாளில் வந்து திரும்பப் போகிறீர்கள் என்றால், பதினொன்றிலிருந்து ஒன்றரை மணிவரை பழைய நகரம், பிற்பகலில் பேருந்துச் சுற்றுலா, மாலை ரயில் என்பதுதான் எல்லா இடங்களையும் பார்க்க ஒரே வழி. அந்த ஒரு நிலையில் நான் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்கச் சொல்வேன், ஆனால் மூவருக்கு அல்ல. படத்தில் ஆர்வம் இல்லாத அப்பாவை, படத்தின் பாடல்கள் ஒலிக்கும் வண்டியில் நான்கு மணி நேரம் உட்காரவைப்பதற்கு 60 யூரோ கொடுப்பது அவருக்கும் நல்லதில்லை. மிராபெல் தோட்டத்தில் பெஞ்சுகள் உண்டு, அருகிலேயே காபிக் கடைகள் உண்டு. அவர் விரும்பினால் சால்சாக் ஆற்றங்கரையில் சமதரையில் நடக்கலாம்.

அந்தப் பாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. முதல்முறை சால்ஸ்பர்க் சென்றபோது நான் தனியாக, சுற்றுலா எதுவும் எடுக்காமல், ஹெல்பிரூன் சாலையின் மரவரிசைக்குக் கீழே நடந்தே எல்லாவற்றையும் பார்த்தேன், பத்து யூரோகூடச் செலவாகவில்லை, பெருமையாக இருந்தது. சில ஆண்டுகள் கழித்து என் சித்தியோடு போனபோது அவருக்காகச் சுற்றுலா எடுத்தேன். வழிகாட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு நகைச்சுவை சொன்னார், எனக்கு ஒன்றுக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் மோண்ட்சே போகும் வழியில் பாடலைப் போட்டதும் பேருந்து முழுக்கப் பாடியது. எங்கெங்கிருந்தோ வந்த, ஒருவரையொருவர் அறியாத ஐம்பது பேர். சித்தியும் பாடினார். வீட்டில் அவர் வாய்விட்டுப் பாடி நான் கேட்டதில்லை. 25-ஆம் எண் பேருந்தில் இது நடக்காது. சால்ஸ்பர்க் மக்களில் பலருக்கு அந்தப் படமே பழக்கமில்லை. ஜெர்மன் பேசும் நாடுகளில் அது ஓடவில்லை, அதற்கு முன்பே 1956-இல் அதே குடும்பத்தைப் பற்றி ஒரு ஜெர்மன் படம் வந்து பிரபலமாகிவிட்டிருந்தது. எனவே உங்கள் அம்மா கூட்டத்தோடு சேர்ந்து பாடக்கூடியவரா, தனியாக நின்று கண்ணில் நீர் நிறையப் பார்க்கக்கூடியவரா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். முதல் வகை என்றால் 60 யூரோவில் கணிசமான பகுதி அந்தக் கூட்டத்துக்கே. இரண்டாம் வகை என்றால் வழிகாட்டியின் பேச்சு அவருக்குத் தொந்தரவாகவே இருக்கும், அதுவும் ஆங்கிலத்தில், வேகமாக.

ஒரு இரவு தங்க முடியுமானால் என் பதில் மாறிவிடும். அப்போது சுற்றுலா வேண்டாம். மூவருக்கான 180 யூரோவில் ஊருக்குச் சற்று வெளியே எளிய அறை எடுத்துவிடலாம். ஜூலை பிற்பாதியில் இசை விழா தொடங்கினால் அறை விலை ஏறிவிடும், ஜூன் மாதம் பரவாயில்லை. 2025 மே மாதம் முதல் சால்ஸ்பர்க் மாநிலத்தில் இரவு தங்குபவர்களுக்கு மாநிலத்துக்குள் பொதுப் போக்குவரத்து இலவசம், அதற்கான டிக்கெட்டை விடுதியிலேயே கேட்டுப் பெறலாம். மோண்ட்சே பக்கத்து மாநிலமான மேல் ஆஸ்திரியாவில் இருக்கிறது, ஆகவே 140-இல் ஏறும்போது ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சால்ஸ்பர்க் கார்டு என்று ஒன்றையும் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். கோட்டையும் ஹெல்பிரூனின் விளையாட்டு நீரூற்றுகளும் அதில் அடக்கம் என்பதால் அது நல்ல கார்டுதான், ஆனால் படத்துக்காக வருபவர்கள் பார்க்கும் இடங்கள் ஏற்கெனவே இலவசம்.

இரண்டாம் நாள் காலையில் வெர்ஃபென் போங்கள். சால்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே ரயிலில் முக்கால் மணி நேரம். மரியா கிட்டாரோடு உட்கார்ந்து குழந்தைகளுக்குச் சுரம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் புல்வெளி அங்கேதான் இருக்கிறது, பின்னணியில் ஹோஹென்வெர்ஃபென் கோட்டையுடன். ஊரிலிருந்து அங்கே ஒரு நடைபாதை அமைத்து வழிப்பலகைகள் வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. ஏற்றம் உண்டு, ஆகவே அப்பாவைக் கீழே ஊரில் விட்டுச்செல்லுங்கள். வழக்கமான நான்கு மணி நேரச் சுற்றுலா அங்கே போவதே இல்லை. படத்தின் தொடக்கத்தில் மரியா சுழன்று பாடும் புல்வெளியை அம்மா முதலில் கேட்பார் என்று ஊகிக்கிறேன். அது ஆஸ்திரியாவிலேயே இல்லை. நீங்கள் வாழும் பவேரியாவில், மார்க்ட்ஷெல்லன்பெர்க் அருகே, தனியார் நிலத்தில் இருக்கிறது. அதையும் அந்தச் சுற்றுலா காட்டாது. மலைமேல் புல்வெளியும் காற்றும் போதும் என்றால், நகரத்திலிருந்து 151-ஆம் எண் பேருந்து 1,287 மீட்டர் உயரமான கைஸ்பெர்க் உச்சிவரை போகிறது. மூட்டு வலிக்காரர்களும் அங்கே வண்டியிலேயே ஏறி இறங்கலாம்.

மழையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு முழுமையாகாது. சால்ஸ்பர்க்கின் கோடைமழைக்கு உள்ளூரில் தனிப் பெயரே உண்டு, ஷ்னூர்ல்ரேகன் என்பார்கள்; நூல் கட்டிவிட்டதுபோல் விடாமல் பெய்வது என்று பொருள். 1964-இல் படக்குழுவே அந்த மழையில் பல நாட்களை இழந்து, திட்டமிட்டதைவிட நீண்ட காலம் அங்கே காத்துக்கிடந்தது. நாள் முழுக்க மழை என்றால், நகரப் பேருந்து நிறுத்தங்களில் மூவரும் குடை பிடித்து நிற்பதைவிட, சுற்றுலாப் பேருந்தின் இருக்கை மேல். அதனால் வாரக்கணக்கில் முன்பாகவே பணம் கட்டிவிடாதீர்கள். முந்தின நாள் மாலை வானிலையைப் பார்த்துவிட்டு, இடம் இருந்தால் பதிவு செய்யுங்கள். ஜூன் வேலை நாள் பிற்பகலில் இரண்டு இருக்கைகள் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எப்படிப் போனாலும் ஒன்றை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஹெல்பிரூனில் உள்ள அந்தக் கண்ணாடிக் கூடாரம் பூட்டியிருக்கும், வெளியே நின்றுதான் பார்க்க முடியும். உள்ளே பெஞ்சுகளின்மேல் தாவித் தாவி ஆடும் காட்சி அதில் எடுக்கப்பட்டதே இல்லை. அதற்காக லாஸ் ஏஞ்சல்ஸில் இதைவிடப் பெரிதாக இன்னொன்றைக் கட்டினார்கள். சித்தியிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் கதவின் கைப்பிடியை இரண்டு முறை திருகிப் பார்த்தார்.

அன்புடன்.