நான் போய்வந்த தளங்களை, லிங்க்கின் நிறத்தை வைத்து வேறொரு தளம் கண்டுபிடிக்க முடியுமா? தடுப்பது எப்படி?

முன்பு மிகச் சுலபமாக முடிந்தது. இன்று கடினம். எவ்வளவு கடினம் என்பது உங்கள் பிரவுசரையும் அதன் பதிப்பையும் பொறுத்தது.

ஒருமுறை திறந்த லிங்க் நீலத்திலிருந்து ஊதாவாக மாறும் இல்லையா? பிரவுசர் உங்கள் ஹிஸ்டரியைப் பார்த்துத்தான் அதை மாற்றுகிறது. பழைய பிரவுசர்களில், "இந்த லிங்க் என்ன நிறம்?" என்று ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) கேட்டால் உண்மையான பதிலே கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஆயிரக்கணக்கான லிங்க்குகளைப் பக்கத்தில் கொட்டி, ஒவ்வொன்றாக நிறம் கேட்டால் வேலை முடிந்தது. 2002-லேயே இது வெளியே தெரிந்துவிட்டது. ஆனாலும் எபிக் மார்க்கெட்பிளேஸ் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம் 54,000-க்கும் மேற்பட்ட தளங்களுக்கு மக்கள் போனார்களா என்று இப்படி வேவு பார்த்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2012-ல் நடவடிக்கை எடுத்தது. குழந்தையின்மை, கடன், திவால் பற்றிய பக்கங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. நெருங்கியவர்களிடம்கூடச் சொல்லத் தயங்கும் விஷயங்கள்!

2010-ல், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் டேவிட் பேரன் முன்வைத்த தீர்வு எனக்குப் பிடித்தமானது: பிரவுசரே பொய் சொல்லட்டும். திரையில் ஊதா தெரியும்; ஸ்கிரிப்ட் கேட்டால் "நீலம்" என்றே பதில் வரும். நிறத்தைத் தவிர எழுத்தின் அளவு, பின்னணிப் படம் போன்றவற்றை மாற்றவும் தடை. அளவு மாறினால் பக்கம் நகர்வதை அளந்துவிடலாம், படம் இறங்கினால் சர்வருக்குத் தெரிந்துவிடும். மற்ற பிரவுசர்களும் இதே வழிக்கு வந்தன.

அப்புறமும் ஓட்டை இருந்தது. லிங்க்கை மறுபடி வரைய ஆகும் நேரத்தை அளந்தே ஊகிக்கலாம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லாத் தளங்களுக்கும் ஒரே ஹிஸ்டரிப் பட்டியல் என்பதுதான் மூல வியாதி. 2025-ல் குரோம் 136 அதில் கை வைத்தது. எந்தத் தளத்தில் இருந்தபடி லிங்க்கைக் கிளிக் செய்தீர்களோ, அங்கே மட்டும்தான் அது ஊதாவாகும். ஒரு தளம் தன் சொந்தப் பக்கங்களை ஊதாவாகக் காட்ட மட்டும் விலக்கு உண்டு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? குரோம் என்றால் அப்டேட் செய்தால் போதும். ஃபயர்ஃபாக்ஸில் இதை அடியோடு நிறுத்தலாம்: முகவரிப் பெட்டியில் about:config என்று அடித்தால் வரும் அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் 'விசிட்டட்' என்று ஆங்கிலத்தில் தேடி, 'லிங்க்ஸ் எனேபிள்ட்' என்று முடியும் அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். பிறகு எங்கேயும் ஊதா வராது. தேடல் முடிவுகளில் எதைப் படித்தோம் என்று தெரியாமல் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். அது வேண்டாம் என்றால் ஹிஸ்டரியை அவ்வப்போது அழியுங்கள். விபிஎன் (இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) இதற்கு உதவாது, ஏனென்றால் கசிவது உங்கள் கணினிக்குள் இருக்கும் பட்டியல்.