மருந்தாளர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

கேள்வி: என் தாயாருக்கு 64 வயது. முடக்குவாதத்துக்குக் கிளினிக்கில் மெதோட்ரெக்சேற் குளிசை கொடுக்கிறார்கள். பிரஷருக்கு லோசாட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் எடுக்கிறார். முழங்கால் வலி கூடியதால் டைக்குளோபெனாக் வாங்கப் போனேன். மருந்தாளர் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டுவிட்டு, வைத்தியரின் துண்டு இல்லாமல் தர முடியாதென்றார். மருந்து கொடுப்பவருக்கு இந்த விசாரணை எதற்கு?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அவர் தராமல் விட்டது உங்கள் தாயாருக்கு நல்லது. லோசாட்டன், சிறுநீரைப் போக்கும் குளிசையான ஹைட்ரோகுளோரோதயசைட், டைக்குளோபெனாக் ஆகிய மூன்றும் சேரும்போது, குறிப்பாக வயதானவர்களுக்கும் வயிற்றோட்டத்தால் உடலில் நீர் வற்றியவர்களுக்கும், சிறுநீரகம் திடீரெனப் பழுதடையக்கூடும். சிறுநீரகம் தளர்ந்தால் மெதோட்ரெக்சேற்றும் வெளியேறாமல் தேங்கி, இரத்த அணுக்கள் உருவாகும் என்புமச்சையைத் தாக்கும். கிளினிக் வைத்தியர் சிலருக்கு இவ்வகை வலிநிவாரணியை மெதோட்ரெக்சேற்றுடன் சேர்த்து எழுதுவதுண்டுதான். ஆனால் அவர் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து எழுதுகிறார். அந்த முடிவுகள் கையில் இல்லாத மருந்தாளருக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. எதுவும் கேட்காமல் குளிசையை வெட்டிக் கொடுக்கும் கடையைத்தான் நான் சந்தேகிப்பேன்.

அவரிடம் நீங்கள் கேட்டுப் பெற வேண்டியதும் ஒன்றுண்டு. முடக்குவாதத்துக்கான மெதோட்ரெக்சேற் கிழமைக்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து. அதை நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. அதனுடன் வேறொரு நாளில் எடுக்கும்படி கொடுக்கப்படும் போலிக் அமிலம் என்ற விற்றமினும் பெரும்பாலும் அதே போன்ற சிறிய மஞ்சள் குளிசையாக இருப்பதால், உறைகள் மாறிப்போவது எளிது. ஆகவே, "திங்கட்கிழமை மட்டும்" என்பதுபோல் நாளின் பெயரை உறையின் மீது பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என வெவ்வேறு அளவுகளில் மெதோட்ரெக்சேற் குளிசைகள் உள்ளன. வழக்கமான நிறமோ அளவோ மாறியிருந்தால் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இப்போதைய வலிக்கு, ஈரலில் கோளாறு இல்லையென்றால், 500 மில்லிகிராம் பரசிற்றமோல் போதுமா என்று முதலில் பார்க்கலாம். ஒரு நாளில் எட்டுக் குளிசைகளைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவு. தடிமனுக்கு வாங்கும் மருந்துகளிலும் அது கலந்திருப்பதால், அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பூசும் ஜெல்லும் சிலருக்குப் பொருந்தும். அடுத்த முறை கிளினிக் கொப்பியையும், ஆயுர்வேத மருந்துகள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

காய்ச்சல், தொண்டை நோ, வாய்ப்புண், காரணமில்லாத கண்டல், மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினாலோ, ஒரு மூட்டு மட்டும் சிவந்து சூடேறி வீங்கினாலோ, பார்மசிக்குப் போகாமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.