சங்கத்துக்குக் காசு சேர்ப்பது எப்படி? அண்ணாச்சியிடம் கேளுங்கள்

பன்னிரண்டு வருசம் ஒரு சின்ன வரலாற்றுச் சங்கத்துக்குப் பொருளாளரா இருந்தவன். வசூல், மரபு நடை, கல்வெட்டு பத்திக் கேளுங்க. சாதி வரலாறு கேக்காதீங்க.

பாளையங்கோட்டை: ஒருநாள் விழா வைக்கிறோம் அண்ணாச்சி. கூட்டமும் நிக்கணும், காசும் வரணும்.

மைப்படி வைங்க, அதாவது கல்லுல இருக்கிற எழுத்தை மையால தாள்ல படியெடுக்கிறது. கோயில் கல்வெட்டுல கை வைக்காதீங்க, தொல்லியல் துறை அனுமதி வேணும். கல்தச்சர்கிட்ட ஒரு கருங்கல் பலகையில நாலு வரி வட்டெழுத்து வெட்டி வாங்கிக்கோங்க. பாண்டிய நாட்டு எழுத்து, நம்ம பிள்ளைகளுக்குத் தெரியட்டும். கல்லைக் கழுவி, நனைச்ச தாளை ஒட்டி, பிரஷால அடிச்சா தாள் எழுத்துக்குள்ள இறங்கும். ஈரம் கொஞ்சம் வத்தினதும் மை ஒத்தினா கறுப்புல வெள்ளை எழுத்தா எந்திரிச்சு வரும். அதைப் பாத்துட்டு ஒரு பிள்ளையும் சும்மா போகாது. ஆளுக்கு 50 ரூபா வாங்கலாம். ஆனா உண்மையான வருமானம் தாள் காயுற நேரத்துலதான். பக்கத்துல பாய் விரிச்சு, சுக்குக் காப்பி குடுத்து, உறுப்பினர் படிவத்தையும் அங்கேயே வைங்க. காத்திருக்கிற அப்பா அம்மா கையெழுத்துப் போட்டுருவாங்க. 50 ரூபான்னாலும் ரசீது குடுங்க.

சுத்தமல்லி: லக்கி டிரா நடத்தலாமா?

தமிழ்நாட்டுல 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. சீட்டு வித்துக் குலுக்குற வேலையே வேண்டாம்.

துபாய்: இங்கிருந்து பணம் அனுப்பினா சிக்கலா?

பாஸ்போர்ட் இந்தியாவுதா? அப்ப உங்க சம்பாத்தியத்தை வங்கி வழியா அனுப்புங்க, அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கின உங்க சித்தப்பா அனுப்பினா ஆகும். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது.

மேலப்பாளையம்: சீட்டு இலவசம், நன்கொடை மட்டும் 100 ரூபா. இப்ப குலுக்கலாமா?

மேலே சுத்தமல்லிக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

ஏரல்: ஆதிச்சநல்லூர் எங்க தூத்துக்குடி மாவட்டம். நெல்லைச் சங்கம் அங்க நடை நடத்திக் கட்டணம் வாங்குறது என்ன நியாயம்?

1876-ல ஜெர்மன்காரர் ஜாகோர் ஆதிச்சநல்லூரைத் தோண்டும்போது உங்க மாவட்டம் எங்க வே இருந்தது? பிரிஞ்சதே 1986-ல.

ஏரல்: அப்ப தென்காசியும் உங்களுதா?

2019 வரைக்கும் ஆமா.

தென்காசி: சும்மா இருந்த எங்களை ஏன் இழுக்கீங்க? குற்றாலத்தைத் தர மாட்டோம்.

யாரும் கேக்கலையே! சரி, ஏரல்காரரே, ஜாகோர் எடுத்தது பெர்லினுக்குப் போச்சு. 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ எடுத்தது சென்னைக்குப் போச்சு. கையில இல்லாத முதுமக்கள் தாழிக்கு நாம ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கோம். சேர்ந்து நடத்துங்க, வசூல் பாதிப் பாதி. வேன் வாடகை போக மிஞ்சுறதைப் பாத்தா சண்டை தானா நின்னுரும். யார் நடத்தினாலும் சரி, ஓட்டாஞ்சில்லு ஒண்ணு கூட யார் பையிலயும் ஏறக் கூடாது. ரசீதும் குடுங்க.

சங்கரன்கோவில்: குடுக்கிறவருக்கு வருமான வரிக் கழிவு தர்ற 80ஜி இருந்தா நன்கொடை கூடுமா?

கொஞ்சம். ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா அவருக்குக் கழிவு கிடையாது. புதிய வரிமுறையில இருக்கிறவருக்கும் கிடையாது. ஆடிட்டரைப் பாருங்க.

வண்ணாரப்பேட்டை: ஒரே ஒரு பெரிய மனுசன் குடுத்தா முடிஞ்சிதே?

சுலோசன முதலியார் கைக்காசு போட்டுக் கட்டின ஆத்துப் பாலத்துல 1843-லிருந்து போய்ட்டு வந்துட்டு இருக்கோம். அந்த மாதிரி ஆளைத் தேடி நாங்களும் ரெண்டு வருசம் அலைஞ்சோம். கிடைச்சவரு சங்கத்துக்கே அவரு அப்பா பேரை வைக்கச் சொன்னாரு. நூறு பேர்கிட்ட நூறு நூறா வாங்குங்க. ரசீது...

டவுண்: குலுக்கலுக்குக் 'குடவோலை விழா'ன்னு பேர் வச்சா வரலாறாயிரும்லா?

குடவோலை உத்தரமேரூர் சமாச்சாரம். அதுக்கு நூறு வருசம் முந்தின கல்வெட்டு நம்ம மானூர்ல இருக்கு. சபையில உக்கார நிலம் வேணும், படிப்பு வேணும், ஒழுக்கம் வேணும்னு எழுதியிருக்கான். குக்கர் பரிசு பத்தி ஒண்ணும் இல்லை. அடுத்த ஆளு வாங்க.